எண்ணாமல் சுட்ட நெருப்புக்கும் கடன் உண்டு

பிறருக்குத் தீங்கு செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யப்படும் தீங்கைக் குற்றம் என்று சொல்ல எவருக்கும் தயக்கம் இல்லை. அதற்கு நீதிமன்றம் உண்டு, சிறைச்சாலை உண்டு, பாவசங்கீர்த்தனத் தொட்டியும் உண்டு. ஆனால் நன்மை செய்யப் போன கையே தீங்கு செய்துவிட்டால் என்ன சொல்வது? எவரும் நினைக்கவில்லை, எவரும் விரும்பவில்லை, ஆயினும் ஒருவருடைய உடம்பு வெந்துவிட்டது. "இது ஒரு விபத்து" என்று சொல்லிவிட்டு எல்லோரும் கலைந்து போய்விடலாமா? அல்லது விபத்துக்கும் ஒரு கடன் உண்டா? இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுவே.

பம்பலப்பிட்டியிலோ, வெள்ளவத்தையிலோ, கொட்டாஞ்சேனையிலோ வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். தாயாருக்குப் பித்தப்பையில் கல். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. கல்லும் வெளியே வந்துவிட்டது. மறுநாள் மகள் தாயாரின் உடம்பைத் துடைக்கும்போது தொடையின் பின்புறத்தில் உள்ளங்கையளவு ஒரு காயத்தைக் காண்கிறாள். நடுவில் வெளிறி, ஓரத்தில் சிவந்திருக்கிறது. "அம்மா, இது எப்படி வந்தது?" என்று கேட்கிறாள். "எனக்குத் தெரியாது பிள்ளை, நான் நித்திரையில் அல்லவா இருந்தேன்" என்கிறார் தாயார். வாட்டில் கேட்டால், "பிளாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை, களிம்பு பூசுங்கள்" என்ற பதில் வருகிறது. வைத்தியர் நல்லவர், தாதி அன்பானவர், ஒருவர் மீதும் கோபப்பட மனம் வரவில்லை. ஆனால் காயம் காயமாகவே இருக்கிறது.

இப்படி ஒன்று நடக்குமா என்று வாசகர்கள் கேட்கலாம். அடிக்கடி நடப்பதல்ல. ஆனால் வைத்திய உலகம் நன்கு அறிந்த ஓர் ஆபத்து இது. ஆகவே முதலில் அது எப்படி நேர்கிறது என்று பார்ப்போம். எப்படி என்று அறியாமல் யார் பொறுப்பு என்று பேசுவது நீதியாகாது.

சூடு எப்படிப் படுகிறது?

இன்றைய சத்திரசிகிச்சைக் கூடங்களில் கத்தியோடு கத்தியாக மின்சாரமும் வேலை செய்கிறது. 'டயதர்மி' என்று அழைக்கப்படும் இக்கருவியை அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் போவி உருவாக்கினார். 1926ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி பொஸ்டன் நகரில் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங் அதைப் பயன்படுத்தினார். சில நாட்களுக்கு முன் இரத்தப் பெருக்கினால் இடைநடுவில் நிறுத்த வேண்டியிருந்த ஒரு கட்டியை அன்று அகற்ற முடிந்தது. அன்று முதல் இக்கருவி காத்த உயிர்கள் எண்ணிலடங்கா. அதைப் பழிப்பது நம் நோக்கமல்ல.

அது வேலை செய்யும் முறை எளிது. வீட்டு மின்சாரம் ஒரு விநாடிக்கு 50 சுற்றுகள் சுழல்கிறது. டயதர்மியின் மின்சாரமோ பல இலட்சம் சுற்றுகள் சுழல்வதால் நரம்பையும் இதயத்தையும் அதிரச் செய்வதில்லை; சூட்டை மட்டும் உண்டாக்குகிறது. வைத்தியரின் கையிலுள்ள பேனாப் போன்ற கருவியின் கூரிய முனையில் மின்சாரம் குவிவதால் அங்கே தசை அறுபடுகிறது, இரத்தம் உறைகிறது. பின்னர் அதே மின்சாரம் உடம்பின் ஊடாகச் சென்று, தொடையிலோ முதுகிலோ ஒட்டப்பட்ட ஓர் அகன்ற தகட்டின் வழியாகக் கருவிக்குத் திரும்புகிறது. தகடு அகன்றிருப்பதால் சூடு பரவிப்போய் ஒன்றும் செய்யாது. ஆனால் தகடு பாதி கழன்றிருந்தால்? எலும்பு முனையிலோ, தழும்பின் மீதோ, மயிர் அடர்ந்த இடத்திலோ ஒட்டப்பட்டிருந்தால்? ஒருமுறை பாவித்து எறிய வேண்டியதை மீண்டும் பாவித்ததால் பசை காய்ந்திருந்தால்? அப்போது அகன்ற வழி குறுகிய வழியாகிறது. திரும்பும் இடத்திலேயே தோல் வேகிறது.

வேறு வழிகளும் உண்டு. பேனாவை அதன் உறையில் வைக்காமல் நோயாளியின் மேலுள்ள துணியில் வைத்திருக்கையில் ஒருவருடைய கால் தவறி மிதியை அழுத்திவிடலாம். சிறு துளை வழியே செய்யும் சத்திரசிகிச்சையில் கருவியின் மேலுறை சற்றே கிழிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குடல் சுடப்படலாம்; அது சில நாட்கள் கழித்துக் காய்ச்சலும் வயிற்று வலியுமாகவே வெளிப்படும். கொதிகலனிலிருந்து எடுத்த கருவியை ஆறவிடாமல் உடம்பில் வைத்தாலும் சுடும். குளிர் தாங்காத நோயாளிக்கு அருகே இரக்கத்தோடு வைத்த சுடுநீர்ப் போத்தலும் சுடும். கிருமிநாசினி உடம்பின் கீழே வழிந்து தேங்கி மணிக்கணக்காக நின்றால் தோலை அரித்துப் புண்ணாக்கும்.

எல்லாவற்றிலும் கொடியது தீ. தீ பிடிக்க மூன்று வேண்டும்: பொறி, எரிபொருள், ஒட்சிசன். மூன்றும் ஒரே மேசையில் கூடும் இடம் சத்திரசிகிச்சைக் கூடம். டயதர்மி பொறியைத் தருகிறது. அற்ககோல் கலந்த கிருமிநாசினியும் துணியும் மயிரும் எரிபொருளாகின்றன. முகத்தருகே விடப்படும் ஒட்சிசன் அந்தத் தீயை ஊதி வளர்க்கிறது. 2019 டிசம்பரில் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரிலுள்ள புளோரியஸ்கா வைத்தியசாலையில் இதுவே நேர்ந்தது. கணையப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்ற 66 வயதுப் பெண்மணி ஒருவருக்கு அற்ககோல் கலந்த கிருமிநாசினி பூசப்பட்டிருக்க, மின் கத்தி அதைப் பற்றவைத்தது. உடம்பில் ஏறத்தாழ 40 வீதம் வெந்தது. சுமார் ஒரு வாரத்தின் பின் அவர் இறந்தார். 'விபத்து' என்று தங்களிடம் கூறப்பட்டதாகவும், விபரங்கள் சிலவற்றைத் தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலுமே அறிந்ததாகவும் அவருடைய குடும்பத்தார் சொன்னார்கள். இந்தக் கடைசிச் செய்திக்கு நாம் மீண்டும் வருவோம்.

காவலனை அனுப்பியவர் காவல் நிற்க வேண்டும்

நோவு ஒரு தண்டனை என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் நோவு உடம்பின் காவலன். அடுப்பில் கை பட்டவுடன், யோசிக்கும் முன்பே கை விலகுகிறது. நித்திரையில் படுத்திருப்பவனும் சூடு பட்டால் விழித்துக்கொள்கிறான். மயக்க மருந்து செய்வது இந்தக் காவலனைச் சில மணி நேரத்துக்கு அனுப்பிவிடுவதே. நோயாளி அதற்குக் கையொப்பம் இட்டுச் சம்மதிக்கிறார். ஆகவே அந்த அறையில் இருக்கும் அத்தனை பேரிலும் "சுடுகிறது" என்று சொல்ல முடியாத ஒரே ஒருவர், யாருக்குச் சுடுகிறதோ அவரே.

இதிலிருந்து ஒரு கடமை பிறக்கிறது. காவலனை அனுப்பிவைத்தவர், அவன் திரும்பி வரும்வரை அவனுடைய இடத்தில் தாமே நிற்க வேண்டும். வீதியில் ஒருவர் மற்றொருவருக்குக் காட்ட வேண்டிய சாதாரணக் கவனம் இங்கே போதாது. வீதியில் நடப்பவர் விலகிக்கொள்ளலாம், கூச்சலிடலாம். மேசையில் கிடப்பவர் தம் முழு உடம்பையும் ஒப்படைத்துவிட்டார். ஒப்படைத்தவருடைய வாய் மூடியிருக்கும் அளவுக்கு, ஏற்றுக்கொண்டவருடைய கண் திறந்திருக்க வேண்டும்.

பழைய சட்டமும் அக்குவீனாஸ் தோமையாரும்

எண்ணாமல் நேரும் தீங்கைப் பற்றி மனிதர் இன்று நேற்று யோசிக்கவில்லை. மோயீசனின் சட்டத்தில் இதற்கென்றே மூன்று விதிகள் உண்டு. ஒருவன் மூட்டிய நெருப்பு முட்களில் பற்றி, அயலானின் கதிர்க்கட்டையோ வயலையோ எரித்துவிட்டால், மூட்டியவன் ஈடு செய்ய வேண்டும் என்கிறது யாத்திராகமம். அவன் எரிக்க நினைத்தானா என்று சட்டம் கேட்கவில்லை. அதே நூலில் மாட்டைப் பற்றிய விதி ஒன்று இருக்கிறது. ஒருவனுடைய மாடு எதிர்பாராமல் முட்டிக் கொன்றால் சொந்தக்காரன் குற்றமற்றவன். ஆனால் அது முட்டும் மாடு என்று முன்பே எச்சரிக்கப்பட்டும் அவன் கட்டிவைக்காமல் விட்டிருந்தால் அவனே பொறுப்பாளி. மூன்றாவது விதி உபாகமத்தில் உள்ளது. புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும். இல்லாவிடில் விழுகிறவனின் இரத்தப் பழி வீட்டுக்கு வரும்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று படிகள் தெரிகின்றன. நெருப்பு நம்முடையதென்றால் ஈடும் நம்முடையது. ஆபத்து முன்பே தெரிந்ததென்றால் 'எதிர்பார்க்கவில்லை' என்ற சாட்டு செல்லாது. விழக்கூடிய இடம் என்று தெரிந்தால், விழுகிறவனின் கவனத்தை நம்பாமல் சுவரைக் கட்ட வேண்டும்.

13ஆம் நூற்றாண்டில் அக்குவீனாஸ் தோமையார் தம் இறையியல் பெருநூலில் இதே கேள்வியை எடுக்கிறார்: தற்செயலாக ஒருவனைக் கொன்றவன் கொலைப்பழிக்கு ஆளாவானா? நியாயமான காரியத்தை, வேண்டிய கவனத்தோடு செய்கையில் சாவு நேர்ந்தால் பழி இல்லை. நியாயமான காரியமேயானாலும் வேண்டிய கவனம் இன்றிச் செய்திருந்தால் பழி உண்டு என்பதே அவர் விடை. சத்திரசிகிச்சை நியாயமானது மட்டுமல்ல, மேலானதும்கூட. ஆனால் காரியத்தின் மேன்மை கவனத்தின் குறைவை மறைத்துவிடாது என்று அவர் சொல்கிறார்.

'வேண்டிய கவனம்' என்பது என்ன? அது காலத்தோடு வளர்வது. போவியின் நாளில் அறியப்படாத பல இன்று ஒவ்வொரு தாதியும் கற்கும் பாடம். அற்ககோல் கலந்த கிருமிநாசினி மயிரற்ற தோலில் காய்வதற்குக் குறைந்தது மூன்று நிமிடம் விட வேண்டும். மயிரில் ஒரு மணி நேரம் வரை ஈரம் நிற்கலாம். முகம், கழுத்துச் சத்திரசிகிச்சையில் ஒட்சிசன் திறந்த முகமூடி வழியே விடப்படுமானால் அதன் அளவை 30 வீதத்துக்கு மேற்படாமல் வைப்பது நல்லது. இரண்டாகப் பிளந்த தகடுகள் இப்போது கிடைக்கின்றன. அவை சரியாக ஒட்டவில்லையெனில் கருவி ஒலி எழுப்பித் தானாக நின்றுவிடும். இவையெல்லாம் தெரிந்த பிறகு இந்த மாடு முட்டும் மாடுதான். கட்டிவைக்காதவர் 'தற்செயல்' என்று சொல்ல முடியாது.

விளக்கைக் கவிழாமற் செய்த வைத்தியர்

இங்கே நம் நாட்டு உதாரணம் ஒன்று உண்டு. மின்சாரம் எட்டாத வீடுகள் பெருந்தொகையாக இருந்த நாட்களில், வெறும் போத்தலில் மண்ணெண்ணெயும் திரியும் இட்ட குப்பி விளக்கே ஏழைகளின் வெளிச்சம். அது கவிழ்ந்தால் எண்ணெய் கொட்டி, பாவாடையிலோ பாயிலோ தீ பற்றும். சத்திரசிகிச்சை நிபுணரான வைத்தியர் விஜய கொடகும்புர இப்படி வெந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர். 'கவனமாக இருங்கள்' என்று மக்களுக்குப் புத்தி சொல்வதோடு அவர் நிற்கவில்லை. 1992இல் ஒரு புதிய விளக்கை உருவாக்கினார். கட்டையாக, கனமாக, மார்மைட் போத்தலைப் போன்ற வடிவத்தில், உருளாமலிருக்க இரு பக்கமும் தட்டையாக, கவிழ்ந்தாலும் எண்ணெய் கொட்டாமலிருக்கத் திருகு மூடியோடு அது அமைந்தது. இலட்சக்கணக்கில் அது வீடுகளுக்குப் போயிற்று. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

ஒழுக்கவியல் மாணவர் இதில் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. விளக்கைக் கவிழ்த்த தாயைத் திட்டுவது எளிது. ஆனால் களைத்துப்போன தாய் என்றாவது ஒருநாள் கை தவறுவாள் என்பது முன்பே தெரிந்த ஒன்று. அது தெரிந்திருந்தும் கவிழும் விளக்கையே அவள் கையில் விட்டுவைத்து, கவிழ்ந்த பின் அவளைக் குற்றவாளியாக்குவது நீதியல்ல.

சத்திரசிகிச்சைக் கூடத்திலும் அப்படியே. தகடு கழன்றிருந்தால் அதை ஒட்டிய சிற்றூழியரைத் தேடிப் பிடித்துத் தண்டிப்பது எல்லோருக்கும் வசதி. அந்தத் தகடு பழையது என்பதும், அவர் அன்று இரண்டு பேருடைய வேலையைச் செய்தார் என்பதும், ஒட்டியதை இரண்டாம் தடவை பார்க்க ஒருவரும் நியமிக்கப்படவில்லை என்பதும் யார் குற்றம்? வள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணி செய்பவர். நால்வகையும் சேர்ந்தே குணப்படுத்துகின்றன என்றால், பிழை நேரும்போது மட்டும் நான்காமவர் தனியே நிற்பது எப்படி?

2008இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைக்கென 19 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்கும் முன், கத்தி வைக்கும் முன், கூடத்தை விட்டு வெளியேறும் முன் என மூன்று தடவை எல்லோரும் நின்று, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். புதுடில்லி உட்பட உலகின் எட்டு நகரங்களில் அதைப் பரீட்சித்தபோது சத்திரசிகிச்சையின் பின்னான மரணங்கள் 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகக் குறைந்தன என்று 2009இல் அறிவிக்கப்பட்டது. அப்பட்டியல் தீக்காயத்துக்கென்று எழுதப்பட்டதல்ல. ஆனால் 'கிருமிநாசினி காய்ந்துவிட்டதா, தகடு ஒட்டியிருக்கிறதா, ஒட்சிசன் எவ்வளவு' என்ற மூன்று கேள்விகளை அந்த இடைநிறுத்தத்தில் சேர்த்துக்கொள்ள அரை நிமிடம் போதும். உறங்குகிறவருக்காகக் கட்டப்படும் கைப்பிடிச் சுவர் அது.

'நம்முடைய ஏழை நாட்டில் இதெல்லாம் முடியுமா' என்று சிலர் கேட்பர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கும் சத்திரசிகிச்சைப் பொருட்களுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை ஒத்திவைத்த வைத்தியசாலைகள் இருந்தன. 'பொருள் இல்லை, ஆகவே இன்று செய்ய மாட்டோம்' என்று சொல்வதும் ஒரு கவனந்தான். வறுமை பலவற்றுக்குக் காரணமாகலாம். கேள்வி கேட்பதற்கு வறுமை தடையல்ல.

காயத்துக்கு இடும் பெயர்

இனி, எவ்வளவு கவனம் எடுத்தும் சூடு பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது முதல் கடமை சிகிச்சை. சிகிச்சைக்கு முதற்படி உண்மை.

இதைச் சற்று விளக்க வேண்டும். தகட்டினால் வந்த காயத்துக்குப் 'பிளாஸ்டர் ஒவ்வாமை' என்று பெயரிட்டால் அதற்குக் களிம்பு பூசப்படும். 'படுக்கைப் புண்' என்று பெயரிட்டால் நோயாளி பக்கம் மாற்றிப் படுக்கவைக்கப்படுவார். ஆனால் மின்சாரத்தால் வந்த சூடு மேலே சிறிதாகத் தெரிந்தாலும் ஆழமாகப் போயிருக்கும். தோலின் முழுத் தடிப்பும் வெந்திருந்தால் அது தானாக ஆறாது. இறந்த தசையை நீக்கி, வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டிவரலாம். நீரிழிவுக்காரருக்கு இன்னும் ஆபத்து. குடலில் பட்ட சூட்டை மறைத்தால் உயிரே போகும். ஆகவே இங்கே பொய்ப் பெயர் நாவின் பாவத்தோடு நின்றுவிடுவதில்லை, உடம்பையும் கெடுக்கிறது. சரியான பெயரைச் சொன்ன அன்றே சரியான சிகிச்சை தொடங்குகிறது.

கூடத்திலேயே கண்டுகொண்டால் செய்ய வேண்டியவை தெளிவானவை. தீயென்றால் ஒட்சிசனை நிறுத்தி, எரியும் துணியைப் பிடுங்கி எறிந்து, நீராலோ சேலைனாலோ அணைக்க வேண்டும். சுவாசக் குழாயில் தீ பற்றினால் குழாயை உடனே வெளியே எடுக்க வேண்டும். பட்ட இடத்தைக் குளிரச் செய்து, சுத்தமாக மூடி, எங்கே, எவ்வளவு, எதனால் என்று குறிப்பேட்டில் எழுதி, தீக்காயச் சிகிச்சை தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பின்னர் நோயாளி தெளிந்ததும், அவரிடமும் வீட்டாரிடமும் பொறுப்பான வைத்தியர் தாமே அமர்ந்து சொல்ல வேண்டும்: "உங்களுக்கு இது நேர்ந்துவிட்டது. எங்கள் பராமரிப்பில் இருக்கையில் நேர்ந்தது. வருந்துகிறோம். இனி இதைச் செய்யப் போகிறோம்."

புக்கரெஸ்ட் குடும்பத்தாருக்குக் கிடைக்காதது இதுவே. அவர்களுடைய துயரம் இரட்டிப்பானது அங்கேதான். அந்நியர்களுக்குத் தெரிந்த உண்மை சொந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. ஒருவருடைய உடம்பில் நேர்ந்ததைப் பற்றிய உண்மை அவருக்குச் சொந்தமானது. அதை மறைப்பவர் அவருடைய உடைமை ஒன்றைத் திருடுகிறார்.

ஈடு செய்யும் கடமை

குருமடத்தில் படித்த பழைய ஒழுக்கவியல் நூல்கள் குற்றத்தை இரண்டாகப் பிரிக்கும். மனமறிந்து செய்தது மனச்சாட்சிக் குற்றம். மனம் அறியாவிட்டாலும் சட்டம் எதிர்பார்க்கும் கவனம் தவறியது சட்டக் குற்றம். முதலாவதில் ஈடு செய்யும் கடமை உடனே எழுகிறது. இரண்டாவதில் நீதிபதி தீர்ப்பளித்த பின்னரே எழுகிறது என்பர். அப்படியானால் அறியாமல் சுட்ட வைத்தியர், வழக்கு வரும்வரை ஒன்றும் செய்யாமல் இருக்கலாமா?

இருக்கலாகாது என்பதே நம் எண்ணம். அந்த விதி பெரும்பாலும் ஒருவருக்கொருவர் அந்நியரானவர்களை மனத்திற்கொண்டு சொல்லப்பட்டது. வைத்தியரும் நோயாளியும் அந்நியரல்லர். அவர்களுக்கிடையே ஓர் உடன்படிக்கை இருக்கிறது: 'என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒருவர் ஒப்படைக்கிறார், 'பார்த்துக்கொள்கிறேன்' என்று மற்றவர் ஏற்கிறார். இந்தப் பராமரிப்பில் வந்த காயத்தை ஆற்றுவதும் அதே பராமரிப்பின் பகுதி. ஆகவே மேலதிக சிகிச்சைக்கும், மேலதிக நாட்களுக்கும், தோல் ஒட்டும் செலவுக்கும் நோயாளியிடம் பணம் கேட்பது எவ்வகையிலும் தகாது. கூலிவேலை செய்பவரானால் இழந்த நாட்சம்பளமும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். பாவம் இல்லாத இடத்திலும் கடன் இருக்கலாம். ஈடு செய்வதால் ஒருவர் பாவி ஆகிவிடுவதும் இல்லை.

நியூசிலாந்து நாடு இதைச் சட்டமாகவே செய்துள்ளது. 1974 முதல் அங்கே விபத்தில் காயமுற்றவர், யார் குற்றவாளி என்று நிரூபிக்காமலே பொது நிதியிலிருந்து ஈடு பெறுகிறார். சிகிச்சையினால் வந்த காயமும் அதில் அடங்கும். நம் நாட்டில் நிலை வேறு. இங்கே ரோமன்-டச்சுச் சட்டத்தின்படி கவனக்குறைவையும், அக்கவனக்குறைவினாலேயே தீங்கு வந்ததென்பதையும் வழக்காளி நிரூபிக்க வேண்டும். மகளை இழந்த தந்தை ஒருவர் வைத்தியப் பேராசிரியர் ஒருவருக்கு எதிராகத் தொடுத்த புகழ்பெற்ற வழக்கில், கவனக்குறைவு இருந்தாலும் மரணத்துக்கு அதுவே காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என 2001இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. அதற்குள் குழந்தை இறந்து ஒன்பது ஆண்டுகள் சென்றிருந்தன. இந்தியாவில் 1995இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பின், கட்டணம் பெறும் வைத்தியசாலைக்கு எதிராக நுகர்வோர் மன்றத்திற்குச் செல்ல முடியும். சிகிச்சைக்குச் சென்னை செல்லும் நம்மவர் இதை அறிந்திருப்பது நன்று. ஆனால் நீதிமன்றம் நீண்ட வழி. அந்த வழியில் நோயாளியைத் தள்ளிவிடாமல், தாமே முன்வந்து ஈடு செய்வதே நீதியுள்ள வைத்தியசாலைக்கு அழகு.

ஓர் ஆட்சேபமும் அதற்கு விடையும்

'உண்மையைச் சொன்னால் வழக்கு வரும், பத்திரிகை வரும், வைத்தியர்கள் பயந்து கடினமான சத்திரசிகிச்சைகளைத் தொடவே மாட்டார்கள்' என்பது வழக்கமான ஆட்சேபம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அனுபவம் வேறு விதமாகவும் பேசுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக வைத்தியசாலை 2001 முதல், பிழை நேர்ந்தால் தானே சொல்லி, மன்னிப்புக் கேட்டு, ஈடு கொடுக்கும் முறையைக் கைக்கொண்டது. அதன்பின் அங்கே கோரிக்கைகள் கூடவில்லை, குறைந்தன என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. இங்கிலாந்தில் 2014 முதல் வைத்தியசாலைகள் பாரதூரமான தீங்கை நோயாளிக்குத் திறந்து சொல்வது சட்டக் கடமையாகவே ஆகிவிட்டது. மக்கள் பலவேளை வழக்குப் போடுவது பணத்துக்காக அல்ல. என்ன நடந்தது என்று சொல்ல வேறு ஒருவரும் இல்லாததால்.

ஆனால் இந்த உடன்படிக்கைக்கு இரண்டு பக்கம் உண்டு. உண்மை சொன்ன வைத்தியரை அடிக்கக் கை ஓங்கும் உறவினரும், தாதியைத் தூஷணத்தால் ஏசும் உறவினரும், அடுத்த நோயாளிக்கு உண்மை கிடைக்காமல் செய்கிறார்கள். உண்மை வேண்டும் என்று கேட்பவர், உண்மை சொல்பவர் பயமின்றி நிற்கக்கூடிய இடத்தையும் கொடுக்க வேண்டும். மன்னிப்பு என்பது ஈட்டைக் கைவிடுவதல்ல. ஈட்டைக் கேட்டுப் பெறலாம், பகையை விட்டுவிடலாம். இரண்டும் ஒரே மனத்தில் இருக்க முடியும்.

வீட்டாரின் பங்கு

கடைசியாக, நாமும் எண்ணாமல் சுடக்கூடியவர்களே என்பதை மறந்துவிடக்கூடாது. முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்த கால் பல மணி நேரம் உணர்வற்றிருக்கும். 'அம்மாவின் கால் குளிர்ந்து கிடக்கிறது' என்று அன்போடு சுடுநீர்ப் பை வைக்கும் மகள், வைத்தியரைக் கேட்காமல் அதைச் செய்யக்கூடாது. அன்பு சுடாது, தண்ணீர் சுடும்.

சத்திரசிகிச்சைக்குப் போகுமுன் மோதிரம், காப்பு, சங்கிலி, மாதா சுரூபம் எல்லாவற்றையும் கழற்றி வீட்டாரிடம் கொடுத்துவிட வேண்டும். சுரூபத்தைக் கழற்றுவதால் மாதா கோபிக்கமாட்டா. உடம்பில் இரும்புத் தகடோ, இதயத்துக்கு மின்கருவியோ பொருத்தியிருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அன்று காலை முகத்தில் ஓடிக்கொலோன் தெளிப்பதையும், தலையில் வாசனைத் தைலம் பூசுவதையும் தவிர்க்க வேண்டும். "நீங்கள் பாவிக்கும் கிருமிநாசினி காயவிடப்படுமா? தகட்டை யார் சரிபார்ப்பார்?" என்று பணிவாகக் கேட்பது அவமரியாதை அல்ல. நல்ல வைத்தியர் அதைக் கேட்டு மகிழ்வார்.

வீட்டில் ஒட்சிசன் பூட்டிய நோயாளி இருந்தால் அவரருகே மெழுகுதிரியோ, ஊதுபத்தியோ, சிகரெட்டோ வேண்டாம். குருவானவர் நற்கருணையோடும் நோயிற்பூசுதலுக்கும் வரும்போதும் திரியை ஏற்றாமல் விட்டுவிடலாம். திரி இல்லாததால் அருட்சாதனம் குறைந்துபோவதில்லை. வீட்டில் எவருக்காவது சூடு பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரின் கீழ் பிடியுங்கள். மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பயன் உண்டு. ஐஸ், பற்பசை, வெண்ணெய், மை எதுவும் வேண்டாம்.

சத்திரசிகிச்சையின் பின் உடம்பில் புதிய காயம் ஒன்றைக் கண்டால் அன்றே காட்டுங்கள். என்ன காயம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நம் பங்குகளில் வைத்தியராகவும் தாதியாகவும் சிற்றூழியராகவும் பணி செய்யும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கையில் பிழை நேரும் நாள் ஒன்று வரலாம். அன்று அதை மூடிவைக்க ஆயிரம் பேர் யோசனை சொல்வார்கள். நீங்கள் அந்தக் கட்டிலருகே போய், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லுங்கள். அவர் கோபிக்கலாம், அழலாம். ஆனால் தமக்கு என்ன நேர்ந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். சரியான சிகிச்சையும் அன்றே தொடங்கும்.